காட்டில் களை, தொட்டியில் அழகுச் செடி!

முதுமலைக் காட்டின் வழியாக மசினகுடிக்குப் போகிறவர்கள் அந்தச் செடியைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆள் உயரத்துக்குப் புதர் மண்டிக் கிடக்கும். சொரசொரப்பான இலை, தண்டில் சிறு முள், மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூ. இலையைக் கசக்கினால் மூக்கைத் துளைக்கும் நெடி. கிராமத்துக் குழந்தைகள் பூவைப் பறித்துத் தேனை உறிஞ்சுவார்கள். கறுத்துக் கனிந்த பழத்தைத் தின்பதும் உண்டு. உண்ணிச் செடி என்பது அதன் பெயர்.

அதை ஒழிப்பதற்காக வனத்துறை ஆள் வைத்து வெட்டுகிறது, வேரோடு பிடுங்குகிறது. பணம் கரைகிறது. செடி கரைவதாகக் காணோம்.

மலையிலிருந்து இறங்கி ஏதாவது ஒரு நகரத்துக்கு வருவோம். சாலையோரத்து நர்சரியில், ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் நடுவே, சின்னச் சின்னத் தொட்டிகளில் ஒரு செடி வரிசையாக இருக்கும். அதே சொரசொரப்பான இலை. அதே கொத்துப் பூ. ஒரு தொட்டியில் தூய மஞ்சள், அடுத்ததில் வெள்ளை, மற்றொன்றில் ஊதா. "இது என்ன செடி?" என்று கேட்டால், "லந்தானா" என்று பதில் வரும். காட்டில் உண்ணியாக இருந்தது தொட்டிக்கு வந்ததும் லந்தானா ஆகிவிட்டது! புது வீட்டு மதில் ஓரமும் ஓட்டல் வாசலும் இந்தச் செடியால் அலங்கரிக்கப்படுகின்றன.

விஷயம் தெரிந்த யாராவது, "இது காட்டைக் கெடுக்கிற செடி ஆயிற்றே!" என்றால் நர்சரிக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். "அது வேறுங்க, இது வேறு ரகம். இது பரவாது" என்பார். அவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டியதில்லை. அவருக்கு நாற்று விற்றவர் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

இந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி என்பதைத்தான் பார்க்க வேண்டும். காட்டிலே ஒரு பக்கம் வெட்டிக்கொண்டும், நகரத்திலே மறு பக்கம் நட்டுக்கொண்டும் இருப்பது வேடிக்கைதான். ஆனால் வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதி அல்ல இது.

தோட்டத்தில் பிறந்த களை

லந்தானாவின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்கள். 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே பணக்காரர்களின் கண்ணாடி வீடுகளில் அது செல்லப் பிள்ளையாக வளர்ந்தது. காரணம், பூவின் நிறம். அரும்பு விரியும்போது மஞ்சளாக இருக்கும் பூ, மகரந்தம் சேர்ந்து நாள் ஆக ஆக ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் மாறிவிடும். ஒரே கொத்தில் நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் வேறொரு நிறம். தோட்டக்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா! ஒரு செடியை இன்னொரு செடியோடு கலந்தார்கள். அந்தக் கலப்பில் பிறந்ததை மூன்றாவது செடியோடு கலந்தார்கள். இப்படியே நூற்றுக் கணக்கான ரகங்கள் தோன்றிவிட்டன.

1753-ல் சுவீடன் நாட்டுத் தாவர சாஸ்திரி லின்னேயஸ் அதற்கு 'லந்தானா கமாரா' என்று பெயர் சூட்டினார். பெயர் என்னவோ ஒன்றுதான். ஆனால் இன்று உலகெங்கும் அந்தப் பெயரால் வழங்கும் செடி, எந்த ஒரு காட்டிலும் தானாக முளைத்த செடி அன்று. பல இனங்களின் ரத்தம் கலந்த கூட்டுக் குடும்பம் அது. ஐரோப்பியத் தோட்டக்காரர்களின் கைவேலை. அதாவது, தோட்டத்திலிருந்து காட்டுக்குத் தப்பி ஓடிய செடி என்று சொல்வதுகூடப் போதாது. தோட்டத்திலேயே உருவாக்கப்பட்ட களை என்றுதான் சொல்ல வேண்டும். "அது வேறு, இது வேறு" என்ற பேச்சைக் கேட்கும்போது இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தியாவுக்கு அது வந்தது 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1809-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல்கத்தா தாவரத் தோட்டத்தில் அதை அழகுக்காக நட்டார்கள். அங்கிருந்து துரைமார்களின் பங்களாக்களுக்கு வேலியாகப் போயிற்று. ஆடு மாடு கடிக்காத வேலி. தண்ணீர் ஊற்ற வேண்டாத வேலி. வருஷம் முழுதும் பூக்கிற வேலி. இதைவிட வேறென்ன வேண்டும்?

வேலி வேலியாக நிற்கவில்லை. பழுத்த கனிகளைக் கொண்டைக் குருவிகள் தின்றன. தின்று பறந்துபோய் உட்கார்ந்த மரத்தடியில் எல்லாம் விதையைப் போட்டன. நல்ல செடி ஒன்று ஆண்டுக்கு 12,000 கனிகள் வரை காய்க்கக்கூடும் என்று சொல்லப்படுகிறது. சாலை போட்ட இடம், மரம் வெட்டிய இடம், தீப் பிடித்த இடம் என்று வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் அதற்குச் சொந்தமாயின.

2020-ல் இந்திய வன உயிரின விஞ்ஞானிகள் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியின்படி, நம் நாட்டில் புலிகள் வாழும் காட்டுப் பரப்பில் சுமார் 40 சதவீதத்தில் லந்தானா புகுந்திருக்கிறது!

மாட்டுக்கு விஷம்

அது அடர்ந்த இடத்தில் புல் முளைப்பதில்லை. மரக்கன்றுகள் தலையெடுப்பதில்லை. மானும் காட்டெருமையும் மேய்வதற்கு ஒன்றும் இருக்காது. யானைகளும் அந்தப் புதர்க் காட்டை விட்டு விலகிப் போகின்றன.

மாட்டுக்கோ அது நேரடியான விஷம். இலையில் உள்ள நச்சுப் பொருள் ஈரலைத் தாக்குகிறது. மாட்டுக்குக் காமாலை காண்கிறது. வெயில் பட்ட தோல் வெந்து உரிகிறது. சாமானியமாக மாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும். ஆனால் கோடையில் புல் கருகி, கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாகத் தெரிவது அந்தச் செடி ஒன்றுதான் என்றால் என்ன செய்யும்? வெளியூரிலிருந்து புதிதாக வாங்கி வந்த மாடுகள்தான் அதிகம் ஏமாந்து போகின்றன.

காட்டோரத்து மக்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. விறகுக்கோ தேனுக்கோ போகிறவர்களுக்குப் பத்தடி தள்ளி நிற்பது என்ன என்று தெரிவதில்லை. புதருக்கு அந்தப் பக்கம் யானை நின்றால், கிட்டப் போன பிறகுதான் தெரியும். ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையோடு வருகிற பெண்ணுக்கு அந்தப் பூவின் அழகு கண்ணில் படுமா?

கள்ளி ஒழிந்த கதை

வயதானவர்கள் ஒரு கேள்வி கேட்கக்கூடும். "சப்பாத்திக் கள்ளியும் இப்படித்தானே ஊரெல்லாம் பரவிக் கிடந்ததாம்? அதைப் பூச்சி விட்டு ஒழித்தார்களே! இதற்கும் அந்த மாதிரி ஒரு பூச்சி இல்லையா?"

நியாயமான கேள்வி. சப்பாத்திக் கள்ளியும் அமெரிக்கச் சரக்குதான். ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் தரிசு நிலங்களை அது அடைத்துக்கொண்டிருந்தது. 1926-ல் இலங்கையிலிருந்து 'கொச்சினீல்' என்னும் சிறு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் அது கள்ளியில் படர்ந்து சாற்றை உறிஞ்சியது. சில ஆண்டுகளில் பெரும் பரப்பில் கள்ளி சரிந்து விழுந்தது. இன்றைய தலைமுறையினருக்குக் கள்ளிக் காடு என்றால் கதையில் வரும் வார்த்தையாகிவிட்டதற்கு அந்தப் பூச்சி ஒரு முக்கிய காரணம்.

லந்தானாவிடமும் இந்த வித்தையை முயன்று பார்க்காமல் இல்லை. உண்மையில், களையை ஒழிக்க வெளிநாட்டுப் பூச்சியைத் தேடிப் பிடித்து வந்து விடுவது என்ற முறையே லந்தானாவை வைத்துத்தான் தொடங்கியது எனலாம். 1902-ல் ஹவாய்த் தீவுகளுக்காக மெக்சிகோவில் பூச்சி தேடினார்கள். அன்று முதல் பல நாடுகளில் சுமார் 40 வகைப் பூச்சிகளையும் பூஞ்சைகளையும் விட்டுப் பார்த்தாயிற்று. இலையைத் தின்பவை, பூவைத் தின்பவை, விதையைத் துளைப்பவை எல்லாம் உண்டு. சில இடங்களில் செடி வாடுகிறது. அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடுகிறது. கள்ளிக்கு வாய்த்த எமன் லந்தானாவுக்கு வாய்க்கவே இல்லை.

ஏன்? தட்பவெப்பம், பூச்சியைத் தின்னும் பூச்சிகள் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். அவற்றுள் முக்கியமான ஒன்று நம் விஷயத்தோடு நேராகத் தொடர்புள்ளது. பூச்சிகள் நாக்கு ருசி பார்ப்பவை. தலைமுறை தலைமுறையாக எந்தச் செடியில் வளர்ந்தனவோ அதையே நாடும். மெக்சிகோவிலும் பிரேசிலிலும் பிடித்து வந்த பூச்சிகள் அங்குள்ள காட்டு லந்தானாவில் பிறந்து வளர்ந்தவை. நம் காட்டில் நிற்பதோ தோட்டக்காரர்கள் கலந்து செய்த செடி. இளஞ்சிவப்புப் பூ ரகத்தைத் தின்னும் பூச்சி, சிவப்புப் பூ ரகத்தைத் தொடாமல் போய்விடுகிறது.

ஆகவே, ரகங்கள் பெருகப் பெருகக் களையை அடக்கும் வேலையும் கடினமாகிறது. ஒவ்வொரு புது நிறமும் அந்தக் கூட்டுக் குடும்பத்துக்கு வரும் புது வாரிசு.

'விதை வைக்காது' என்றால் போதுமா?

"பரவாது" என்று நர்சரிக்காரர் சொல்வதற்கு ஓர் ஆதாரம் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய அலங்கார ரகங்களில் பல காய்ப்பதில்லை, காய்த்தாலும் குறைவு. வாழைப்பழத்தில் ஏன் விதை இல்லை? அதன் உயிரணுவில் குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கிறது. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது. ஆகையால் விதை உருவாவது தடைபடுகிறது. லந்தானாவிலும் இத்தகைய மலட்டு ரகங்கள் உண்டு. கனி இல்லை என்றால் குருவி தின்னாது. குருவி தின்னாவிட்டால் விதை போகாது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு செடி மலடா, இல்லையா என்று பார்க்கும்போது கனியை மட்டும் பார்த்தால் பாதி சோதனைதான். மகரந்தத்தையும் பார்க்க வேண்டும். தான் காய்க்காத செடியின் மகரந்தத்துக்குக் கொஞ்சம் உயிர் இருந்துவிட்டாலும் போதும். வண்ணத்துப் பூச்சி அதைச் சுமந்துபோய் மதிலுக்கு வெளியே நிற்கும் உண்ணிச் செடியில் சேர்க்கும். தொட்டிச் செடி ஒரு கனிகூடக் காய்க்காமலே தகப்பன் ஆகிவிடும்!

இது கற்பனையன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்திருக்கிறது. அங்கே 'லந்தானா டிப்ரெஸ்ஸா' என்று ஒரு சொந்த இனம் உண்டு. மஞ்சள் பூ, தாழ்ந்து படரும் செடி, உலகில் வேறெங்கும் தானாக வளராதது. தோட்டங்களிலிருந்து வெளியேறிய கமாரா, அதனோடு கலந்து கலந்து, தூய டிப்ரெஸ்ஸாவைக் காண்பதே அரிதாகிவிட்டது. யாரும் அதை வெட்டி அழிக்கவில்லை. கலப்பிலேயே கரைந்து போகிறது.

அங்குள்ள புளோரிடா பல்கலைக் கழகத்தார் இதற்கு ஒரு வழி தேடினார்கள். விதையும் ஏறக்குறைய இல்லாமல், மகரந்தமும் பயன்படாமல் இருக்கும் ரகங்களை உருவாக்கினார்கள். சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்த பிறகே அவை விற்பனைக்கு வந்தன. பெண் வழியும் ஆண் வழியும் இரண்டும் அடைபட்டிருக்க வேண்டும் என்பது அங்கே அளவுகோல். நம் ஊர் நர்சரியில் 'ரகம் வேறு' என்பது வெறும் வாய்வார்த்தை. தொட்டியில் ஒரு சீட்டுக்கூட ஒட்டியிருக்காது. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது.

ஊதாப் பூ லந்தானா தரையில் படரும் தனி இனம். "இது கமாராவே இல்லையே" என்று அதற்குச் சிபாரிசு செய்பவர்கள் உண்டு. கமாரா இல்லைதான். ஆனால் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் அந்தப் படர் லந்தானாவே மேய்ச்சல் நிலத்தில் களையாகி, விற்பதற்குத் தடை விதிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஓர் ஊரில் சாதுவாக இருக்கும் செடி இன்னோர் ஊரிலும் சாதுவாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இதற்கு நம் வீட்டு உதாரணமே இருக்கிறது. நம் மாநில மலரான செங்காந்தள் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல் மேடுகளில் பரவி, அங்குள்ளவர்களுக்குத் தலைவலியாக இருக்கிறது. அதுவும் அழகுக்காகத் தோட்டத்தில் நட்டதுதான். இங்கே கார்த்திகைப் பூ, அங்கே களை!

கொன்றைக்கு ஒரு போலி

உண்ணிச் செடி பழைய கதை. புதிய கதை ஒன்று இதே முதுமலையில் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது.

அங்கே மஞ்சள் பூ பூத்துக் குலுங்கும் ஒரு மரத்தைப் பார்த்துப் பிரயாணிகள் காரை நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். கொன்றை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிவபெருமானுக்கு உகந்த சரக்கொன்றைக்கு அது உறவுதான். ஆனால் சரக்கொன்றை நம் நாட்டு மரம். இது அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக் கொன்றை, 'சென்னா ஸ்பெக்டாபிலிஸ்'. நிழலுக்கும் அழகுக்கும் சாலையோரத்திலும் பண்ணையிலும் நட்டார்கள். பக்கத்து வயநாட்டில் காடு வளர்ப்பு என்ற பெயரிலேயே நட்டார்கள். இன்று அது காட்டுக்குள் புகுந்துவிட்டது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளை துளிர்க்கிறது. அதன் கீழே புல்லும் முளைப்பதில்லை.

இதை வெட்டிக் காகிதக் கூழுக்கு எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. மரத்துக்கு ஒரு வழி பிறந்தது.

தரையில் பச்சைக் கம்பளம் போல் படர்ந்து மஞ்சள் பூப் பூக்கும் ஒரு செடியையும் இங்கே சொல்ல வேண்டும். பூங்காக்களிலும் அலுவலக வளாகங்களிலும் சரிவுகளில் அதைத்தான் நடுகிறார்கள். நம் கீரைக்காரம்மா விற்கும் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு அது சகோதர இனம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இதுவும் அமெரிக்க வெப்பப் பிரதேசத்திலிருந்து வந்ததுதான். உலகத்தின் மிகக் கொடிய 100 அந்நிய உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறார்களே, அதில் லந்தானாவுக்கும் ஆகாயத் தாமரைக்கும் பக்கத்தில் இதற்கும் இடம் உண்டு. தென் சீனாவில் இந்த வந்தேறியும் மூலிகையான கரிசலாங்கண்ணியும் கலந்து ஒரு புதுக் கலப்பினமே தோன்றியிருக்கிறது.

ஒரு தொட்டியால் என்ன கெட்டுவிடும்?

இங்கே ஒரு எதிர்வாதத்தையும் கவனிக்க வேண்டும். "காட்டில் லட்சக் கணக்கான ஏக்கரில் உண்ணி நிற்கிறது. அது பரவுவதற்கு அடையாற்றிலோ ஆர்.எஸ். புரத்திலோ உள்ள ஒரு தொட்டி எதற்கு? நர்சரிக்காரரைப் பிடித்து என்ன லாபம்?" என்று கேட்பவர்கள் உண்டு.

வாதத்தில் வலு இருக்கிறது. நாளைக்கே எல்லா நர்சரிகளிலும் லந்தானா விற்பனையை நிறுத்தினாலும் முதுமலையில் ஒரு புதர்கூடக் குறையாது. காட்டு வேலை காட்டில்தான் நடக்க வேண்டும். அதற்கு முறை தெரிந்திருக்கிறது. டில்லிப் பல்கலைக் கழகப் பேராசிரியர் பாபு வகுத்த முறைப்படி, மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டிச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். தண்டை மட்டும் வெட்டினால் துளிர்த்துவிடும். பிறகு குருவிகள் உட்காரும் மரத்தடிகளில் முளைக்கும் கன்றுகளைத் தொடர்ந்து பிடுங்க வேண்டும்; வெற்றிடத்தில் நாட்டுப் புல்லை வளர்க்க வேண்டும். ஓர் ஆண்டோடு முடிகிற வேலை இல்லை.

வெட்டிய குச்சிகளைக் கொண்டு கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் ஆள் உயர யானைகள் செய்கிறார்கள். 2021-ல் அவை லண்டன் நகரத்துப் பூங்காக்களில் நின்றன. கர்நாடகத்து மாதேஸ்வர மலையில் நாற்காலி, மேஜை செய்கிறார்கள். மனதுக்கு மகிழ்ச்சியான செய்திகள். ஆனால் காட்டில் உள்ள களையின் அளவோடு பார்த்தால் இவற்றுக்காக எடுப்பது கைப்பிடி அளவுதான். களையை நம்பியே பிழைப்பு அமைந்துவிட்டால் அப்புறம் களை போக வேண்டும் என்று யார் விரும்புவார்கள் என்ற சங்கடமும் இருக்கிறது.

சரி, தொட்டிக்கு வருவோம். அதனால் கேடு மூன்று விதம். புது மகரந்தம் பழைய களையோடு சேர்ந்தால், குளிர் தாங்குகிற, வறட்சி தாங்குகிற புதுக் கலப்புகள் தோன்றலாம். பூச்சி விட்டு அடக்கும் முயற்சி இன்னும் சிக்கலாகும். இரண்டாவது, உண்ணி இன்னும் எட்டாத இடங்கள் பாக்கி இருக்கின்றன. ஒரு மலை விடுதியின் தோட்டம் போதும், அங்கே அதைக் கொண்டு சேர்க்க.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அடுத்த உண்ணிச் செடி எது? அது இன்றைக்கு ஏதோ ஒரு நர்சரியில் 'புது வரவு' என்ற அட்டையோடு உட்கார்ந்திருக்கலாம். 1809-ல் கல்கத்தாவில் இருந்த லந்தானாவைப் பிடுங்க ஒரு தோட்டக்காரர் போதும். இன்று ஒரு பட்டாளம் வேண்டியிருக்கிறது. சீமைக் கொன்றையும் முதலில் பத்து மரமாகத்தான் நின்றது. காட்டை மட்டும் காவல் காத்து நர்சரியைக் கவனிக்காமல் விட்டால், ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக ஒரு களையோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை

களைக்குச் சட்டம் போடுவது நமக்குப் புதிதல்ல. சென்னை மாகாணத்தில் 1919-லேயே விவசாயப் பூச்சிகள், நோய்கள் சட்டம் வந்தது. தீங்கான களைகளையும் அது சேர்த்துக்கொண்டது. 1936-ல் வங்காளத்தார் ஆகாயத் தாமரைக்கென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றினார்கள். ஊதாப் பூவின் அழகைப் பார்த்துக் குளத்தில் விட்ட செடி, படகுப் போக்குவரத்தையும் நெல் வயலையும் அடைத்துவிட்டது. சட்டம் வந்தது; செடி போகவில்லை. காரணம், சட்டம் வந்தபோது செடி ஏற்கெனவே மாகாணம் முழுதும் மிதந்துகொண்டிருந்தது.

வெளிநாட்டுச் செடி துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ இறங்கும்போது சோதிப்பதற்கு 2003-ம் ஆண்டின் தாவரத் தடுப்புக் காப்பு ஆணை இருக்கிறது. வாசலில் காவல் அது. ஏற்கெனவே வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருக்கும் செடியை அது ஒன்றும் செய்யாது.

அந்த ஓட்டையை அடைக்க வழி பிறந்தது 2022-ல். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அந்த ஆண்டு பார்லிமெண்டு ஒரு திருத்தம் செய்தது. ஆக்கிரமிக்கும் அந்நிய உயிரினங்கள் என்றால் என்ன என்று முதன் முறையாக அந்தச் சட்டத்தில் விளக்கம் சேர்ந்தது. அவற்றை இறக்குமதி செய்வது மட்டுமன்றி, விற்பது, வைத்திருப்பது, பெருக்குவது ஆகியவற்றையும் கட்டுப்படுத்தவோ தடுக்கவோ மத்திய அரசாங்கத்துக்கு அதிகாரம் கிடைத்தது. அதே 2022-ல் தமிழ்நாடு அரசாங்கமும் அந்நியத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கு ஒரு கொள்கை வகுத்தது.

ஆக, அதிகாரம் இருக்கிறது, கொள்கை இருக்கிறது. இனி வேண்டியது செடிகளின் பட்டியல். பட்டியல் போடுகிறவர்கள் 'லந்தானா கமாரா' என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றால், "இது கமாரா இல்லை, கலப்பினம்" என்று சொல்லி அடுத்த நாளே தொட்டி விற்பனைக்கு வந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவைச் சேராத லந்தானா இனங்களோடு, விதை வைக்கும் கலப்பினங்களையும் சேர்த்தே கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இங்கே அதற்கும் ஒரு படி மேலே போகலாம். லந்தானாக் குடும்பம் முழுவதையும் தடை செய்துவிட்டு, "என் ரகம் மலடு" என்று சொல்பவர் விதை, மகரந்தம் இரண்டிலும் அதை நிரூபித்தால் மட்டும் விலக்குக் கொடுக்கலாம். நிரூபிக்கும் பொறுப்பு விற்கிறவரைச் சேர்ந்தது.

நர்சரிக்காரர் கதி?

தடை என்று நாளைக்கு அறிவித்து மறுநாள் தொட்டிகளைப் பறிமுதல் செய்வது அநியாயம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும் முதலாளிகள் அல்லர். வாடகை நிலத்தில் நிழல்வலை கட்டி, நாலைந்து பெண்களைக் கூலிக்கு வைத்துப் பதியன் போட்டுப் பிழைப்பவர்களே அதிகம். கையிருப்பை விற்றுத் தீர்க்கவல்ல, அழித்துவிட்டு வேறு செடிக்கு மாறுவதற்கு ஒரு பருவமாவது அவகாசமும், மாற்று நாற்றுகளும் அரசாங்கத்தின் தோட்டக்கலைப் பண்ணைகளிலிருந்து கிடைக்க வேண்டும். நெடுஞ்சாலைக்கும் பூங்காவுக்கும் செடி வாங்கும் அரசாங்க இலாகாக்களே பெரிய வாடிக்கைக்காரர்கள். டெண்டரில் அவர்கள் வெட்சி என்று எழுதினால் நர்சரியில் வெட்சி பெருகும்; லந்தானா என்று எழுதினால் லந்தானாதான் பெருகும்.

மாற்றுச் செடிக்கு அலைய வேண்டியதும் இல்லை. இட்லிப் பூ என்று குழந்தைகள் சொல்லும் வெட்சி தென்னாட்டுச் செடி. கொத்துப் பூ, வேலியாகவும் நிற்கும். கனகாம்பரம் இந்த மண்ணுக்கே உரியது. ஊதா நிறம் வேண்டுமென்றால் டிசம்பர் பூ இருக்கிறது. மஞ்சளுக்கு ஆவாரை. ஆவாரைக்குத் தண்ணீரும் அதிகம் வேண்டாம். நெடுஞ்சாலைத் திட்டில் அதை நட்டால் வெயில் எவ்வளவு காய்ந்தாலும் பூக்கும். ஆனால் அழகுச் செடிப் பட்டியலில் அதை யாரும் எழுதுவதில்லை. ஊருக்கு வெளியே சும்மா கிடைப்பதை எப்படிக் காசு கொடுத்து வாங்குவது என்ற கூச்சம் போலும்!

வீட்டில் ஏற்கெனவே லந்தானா வைத்திருப்பவர்கள், மலை அடிவாரத்திலோ ஏரிக்கரைப் பக்கமோ குடியிருந்தால், அதை எடுத்துவிடுவதே நல்லது. எடுக்க மனம் வராதவர்கள் பூக் கொத்து வாடியதும், பச்சைக் காய் பிடிப்பதற்குள் கத்தரித்துவிட வேண்டும். காய்கள் விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் தேவை. கத்தரித்த கிளைகளை வெளியே காலி மனையில் கொட்டக் கூடாது. ஈர மண்ணில் படும் தண்டு வேர் விட்டுவிடும். வெயிலில் சிமெண்டுத் தரையில் பரப்பி நன்றாகக் காயவிட்டு, மொறுமொறுவென்று ஒடிகிற பதம் வந்த பிறகு குப்பைக்கு அனுப்பலாம்.